தண்ணீர்க் கேன் தூக்கியதில் முதுகு பிடித்துவிட்டது: வீட்டிலேயே வலுப் பயிற்சியை எங்கிருந்து ஆரம்பிப்பது?

மூன்றாம்மாடி (தண்டையார்பேட்டை), ஏப்ரல் 12

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு வயது 39. பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு துணிக்கடையில் புடவைப் பிரிவில் வேலை. வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஒரு ஹால், ஒரு சமையலறை, நான்கு பேர். போன மாதம் புதுத் தண்ணீர்க் கேனைத் தூக்கி ஸ்டாண்டில் கவிழ்க்கும்போது இடுப்புக்கு மேலே சுரீர் என்று பிடித்தது. நான்கு நாள் பாயிலிருந்து எழ என் பெண் கை கொடுத்தாள். டாக்டர் பார்த்துவிட்டு, எலும்பில் ஒன்றும் இல்லை, தசைப்பிடிப்புதான், தொடையிலும் முதுகிலும் வலுவே இல்லை, அதைத் தேற்றுங்கள் என்றார். எப்படித் தேற்றுவது என்று கேட்பதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

வலி போனதும் வீட்டுப் பக்கத்தில் ஒரு ஜிம்மில் சேர்ந்தேன். முதல் நாளே நூறு பஸ்கி, அதாவது நூறு முறை உட்கார்ந்து எழ வேண்டும். இத்தனைக்கும் முதுகு விஷயத்தைச் சொல்லியிருந்தேன். எண்பதில் கால் நடுங்கியது, விடாமல் எண்ண வைத்தார்கள். அடுத்த ஐந்து நாள் மாடிப்படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில்தான் இறங்கினேன். கடையில் கீழ் அடுக்குப் புடவையை எடுக்கக் குனிய முடியவில்லை. கட்டிய பணம் போகட்டும் என்று நின்றுவிட்டேன்.

வீட்டில் டம்பெல் எதுவும் இல்லை. காலை ஐந்திலிருந்து ஐந்தரை வரை எனக்குக் கிடைக்கும், மொட்டை மாடியும் கிடைக்கும். ஒன்றுமே தெரியாத ஆளுக்குச் சொல்வது போலச் சொல்லுங்கள்.

கர்லாகட்டை (ராயபுரம்), ஏப்ரல் 12

தங்கச்சி, அந்த நூறை நினைத்துப் பஸ்கியையே வெறுத்துவிடாதீர்கள். நான் பதினான்கு வயதில் தேகப் பயிற்சிசாலைக்குப் போனபோது வாத்தியார் முதல் வாரம் முழுக்கப் பத்துக்கு மேல் போட விட்டதில்லை. கையில் பிடித்துச் சுழற்றுகிற அந்த மரக் கர்லாகட்டையைத் தொடவே இரண்டு மாதம் ஆனது. ஆர்வத்தில் நான் இருபது போட்டால் திட்டுவார்.

இப்போதைக்குக் கேன் விஷயத்தைச் சொல்கிறேன், நாளைக்கும் வீட்டில் தண்ணீர் தீரும் அல்லவா. எங்கள் நைனா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அவர் சொல்லிக்கொடுத்தது இது: சாமானுக்கு எதிரில் நின்று கையை நீட்டாதே, அதன் மேலேயே போய் நில். கேன் இரண்டு பாதத்துக்கும் நடுவில் இருக்க வேண்டும். பின்னால் நாற்காலி இருப்பது போல உட்கார்ந்து, கேனைச் சாய்த்து ஒரு கையை அடியில் கொடுத்து, குழந்தையை அணைப்பது போல மார்போடு அணைத்துக்கொண்டு, அப்புறம் காலால் எழுந்திருக்க வேண்டும். 20 லிட்டர் தண்ணீர் என்றால் 20 கிலோ. உடம்போடு ஒட்டியிருந்தால் அது 20 கிலோ. கையை நீட்டினால் முதுகுக்கு அதுவே பல மடங்கு. தூக்கிக்கொண்டே இடுப்பைத் திருகாதீர்கள், பாதத்தோடு திரும்புங்கள். கவிழ்க்கிற ஸ்டாண்டை விட்டுவிட்டு, கேன் மேலேயே மாட்டுகிற பம்பு வாங்கினாலும் நல்லதுதான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அப்படித் தூக்கத் தெரிந்த எங்கள் நைனாவுக்கே ஐம்பது வயதில் முதுகு போய்விட்டது. மூட்டை தூக்குவது பிழைப்பு. அதில் இன்று போதும் என்று நிறுத்த முடியாது, அடுத்த நாள் ஓய்வு கிடையாது. பயிற்சியில் அந்த இரண்டும் நம் கையில் இருக்கின்றன.

இயன்முறை (பெரம்பூர்), ஏப்ரல் 13

இயன்முறை சிகிச்சைதான் என் தொழில், அதனால் முதலில் எச்சரிக்கை. முதுகு வலி காலுக்குள் இறங்கினாலோ, கால் மரத்தாலோ, சிறுநீர் மலம் கட்டுப்பாடு மாறினாலோ பயிற்சியைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், உடனே மருத்துவமனை. அந்த நூறு பஸ்கிக்குப் பிறகு சிறுநீர் கறுத்த டிகாஷன் நிறத்தில் போனதா? பழக்கமில்லாத உடம்பை ஒரே நாளில் வதைத்தால் தசை நார்கள் சிதைந்து, அதிலிருந்து வரும் பொருள் சிறுநீரகத்தை அடைத்துக் கெடுக்கும். அப்படி ஒரு நிறத்தைப் பார்த்தால் நடு இரவானாலும் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். வெறும் தசை வலி என்றால் இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய்த் தானாக இறங்கிவிடும்.

இனி பயிற்சி. வாரத்தில் மூன்று நாள் போதும், திங்கள் புதன் வெள்ளி. முடியாத வாரத்தில் இரண்டு நாள். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலிலும், பெரியவர்கள் வாரம் இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. நடுவில் விடுகிற நாளில்தான் தசை தேறும்.

நாற்காலியைச் சுவரை ஒட்டிப் போடுங்கள், வழுக்கக் கூடாது. கையை முன்னால் நீட்டி, மூன்று எண்ணுகிற நேரம் எடுத்து மெதுவாக உட்கார்ந்து, ஆசனத்தில் பட்டதும் எழுந்திருங்கள். எட்டு முறை. ஒன்றரை நிமிடம் ஓய்வு, இன்னொரு எட்டு. இதுதான் உங்கள் பஸ்கி. நூறில் செய்த தவறைப் பதினாறில் சரிசெய்கிறோம். அடுத்தது சுவரில் தண்டால்: ஒரு கை தூரம் தள்ளி நின்று, உள்ளங்கையைச் சுவரில் வைத்து, உச்சி முதல் குதிகால் வரை ஒரே பலகையாகச் சாய்ந்து திரும்ப வேண்டும்.

மூன்றாவது உங்கள் முதுகுக்கு. வீட்டில் ஒட்டடைக் கம்பு இருக்கிறதா? அதை முதுகோடு நெட்டுக்குத்தாக வைத்து, ஒரு கையைக் கழுத்துக்குப் பின்னால், இன்னொரு கையை இடுப்புக்குப் பின்னால் கொடுத்துப் பிடியுங்கள். பின்மண்டை, தோள்பட்டைகளுக்கு நடு, வாலெலும்பு மூன்றும் கம்பைத் தொட வேண்டும். முழங்காலை லேசாக மடக்கி, புட்டத்தால் பின்னால் இருக்கிற கதவைச் சாத்துவது போலத் தள்ளிக்கொண்டே குனியுங்கள். மூன்றில் ஒன்று கம்பை விட்டு விலகினாலும் அதுதான் எல்லை, அங்கிருந்து எழுந்துவிடுங்கள். முதல் நாள் கால்வாசிதான் குனிய முடியும். தொடையின் பின்பக்கம் இழுப்பது தெரிய வேண்டும், முதுகில் ஒன்றும் தெரியக் கூடாது. கீழ் அடுக்குப் புடவையையும் இப்படித்தான் எடுக்க வேண்டும்.

நான்காவது இழுப்பு. பெண்ணின் பழைய பள்ளிப் பையில் இரண்டு கிலோ அரிசி, ஒரு ஜிப் கவரில் கட்டி. இடது கையை நாற்காலியில் ஊன்றி, மேலே சொன்ன மாதிரி குனிந்து, வலது கையால் பையை இடுப்பு எலும்புப் பக்கம் இழுக்க வேண்டும். காதை நோக்கி இழுத்தால் கழுத்து பிடிக்கும்.

எல்லாவற்றிலும் ஒரே விதிதான்: இன்னும் இரண்டு மூன்று முறை செய்ய முடியும் என்று தோன்றும்போதே நிறுத்திவிட வேண்டும். மூச்சை அடக்காதீர்கள், சிரமமான பாதியில் விடுங்கள். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, தேதி போட்டு, என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். நோட்டு இல்லாமல் ஆரம்பிப்பவர்கள் மூன்றாவது வாரத்தில் காணாமல் போவதை நான் தினமும் பார்க்கிறேன்.

மூன்றாம்மாடி (தண்டையார்பேட்டை), ஏப்ரல் 13

ரொம்ப நன்றி. சிறுநீர் நிறம் எல்லாம் மாறவில்லை. படித்ததும் ஒட்டடைக் கம்பை எடுத்துப் பார்த்தேன். கொஞ்சம் குனிந்ததுமே வாலெலும்பு கம்பை விட்டு வந்துவிடுகிறது. இத்தனை வருடம் இடுப்பை மடக்குவதாக நினைத்து முதுகைத்தான் மடக்கிக்கொண்டிருந்தேன் போல. ஒரு சந்தேகம்: கடையில் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் நிற்கிறேன். நின்று நின்று கால் வலுவாகியிருக்க வேண்டாமா?

இயன்முறை (பெரம்பூர்), ஏப்ரல் 13

நிற்பதில் கால் சோர்ந்து போகும், வலு ஏறாது. ஒரே சுமை, ஒரே நிலை, பத்து மணி நேரம். தசைக்கு நேற்றைவிடக் கொஞ்சம் கூடுதலான வேலை வந்தால்தான் அது வளர வேண்டிய அவசியம் வரும். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டத் திருத்தம் வந்துவிட்டது. வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் உட்காருங்கள், அது உங்கள் உரிமை.

பாக்ஸிங்வீடு (வியாசர்பாடி), ஏப்ரல் 14

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகக் குத்துச்சண்டை. தாத்தா காலத்தில் எந்தப் பையில் அரிசி கட்டினார்கள்? விடியற்காலை ஐந்நூறு பஸ்கி, இருநூறு தண்டால், கடற்கரை மணலில் ஓட்டம், அவ்வளவுதான். நூறு பஸ்கி என்பதை ஏதோ கொலைக்குற்றம் மாதிரிப் பேசுகிறீர்கள். அக்கா கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால் மூன்று மாதத்தில் நூறு சாதாரணம்.

இயன்முறை (பெரம்பூர்), ஏப்ரல் 14

தம்பி, ஏற்றினால் சாதாரணம்தான், நானும் அதையே சொல்கிறேன். முதல் நாளில் நூறு என்பதைத்தான் ஏற்க மாட்டேன். ஆனால் எதற்காக நூறு என்று யோசித்துப் பாருங்கள். முப்பது பஸ்கி சுலபமாகப் போகும் நிலை வந்த பிறகு, அதை நூறாக்கினால் தாக்குப்பிடிக்கும் சக்தி ஏறும். குத்துச்சண்டைக்காரருக்கு அது வேண்டும், சுற்றுக்குச் சுற்று கால் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அக்காவுக்கு வேண்டியது, ஒரு முறை 20 கிலோவைத் தரையிலிருந்து எடுக்கிற வலு. அதற்கு எண்ணிக்கையைவிட எடையைக் கூட்டுவதுதான் நேர் வழி.

தண்டால், பஸ்கி இரண்டை மட்டும் வைத்துக்கொண்டால் இழுக்கிற தசைக்கு வேலையே கிடைக்காது. தாத்தா காலத்தில் வீட்டில் கிணறு இருந்தது, வாளிக் கயிற்றை இழுத்தார்கள், கடலோரத்தில் வலை இழுத்தார்கள். அதைப் பயிற்சிக் கணக்கில் யாரும் எழுதவில்லை. நம் வீட்டில் குழாயைத் திருகுகிறோம். அதனால்தான் அரிசிப் பை.

பாக்ஸிங்வீடு (வியாசர்பாடி), ஏப்ரல் 14

கிணறு விஷயம் யோசித்ததே இல்லை. தாத்தா வீட்டில் கிணறு இருந்தது உண்மைதான், அடி பம்பு அப்புறம்தான் வந்தது. சரி, பை நல்ல யோசனை, ஒத்துக்கொள்கிறேன். தண்டாலில் மட்டும் நான் ஒன்று சொல்கிறேன் அக்கா. சுவரில் 15 வந்ததும் சமையல் மேடை, அது வந்ததும் மாடிப்படியில் மூன்றாம் படி, அப்புறம் முதல் படி, அப்புறம் தரை. உயரம் குறையக் குறையக் கையில் எடை ஏறும். தரையில் போடும்போது உடம்பு எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கையில் நிற்கும். முட்டி போட்டுச் செய்வதைவிடப் படியில் இறங்கி இறங்கி வருவது நல்லது, இடுப்பு தொங்காமல் பழகும்.

காசிமேட்டுக்காரி, ஏப்ரல் 16

சாப்பாட்டைப் பற்றி யாருமே பேசவில்லையே. அக்கா என்ன எடை? காலை இட்லி, மதியம் சாதம் குழம்பு, இரவு தோசை என்றால் பயிற்சி செய்து என்ன ஆகும், தசை எதை வைத்துக் கட்டும்?

மூன்றாம்மாடி (தண்டையார்பேட்டை), ஏப்ரல் 16

62 கிலோ. நீங்கள் எழுதியதுதான் என் சாப்பாடு, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த மாதிரி இருக்கிறது. புரோட்டீன் பவுடர் வாங்க வேண்டுமா?

காசிமேட்டுக்காரி, ஏப்ரல் 16

பவுடர் வேண்டாம். சாதாரண ஆளுக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு 0.83 கிராம் புரதம் என்பது ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) கணக்கு, அதாவது உங்களுக்கு 51 கிராம். வலுப் பயிற்சி செய்பவர்கள் 1.2 முதல் 1.6 வரை போகலாம், 75-லிருந்து 100 கிராமுக்குள். சிறுநீரகப் பிரச்சினை இருக்கிறவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் கூட்டக் கூடாது. ஒரு முட்டையில் 6 கிராம். ஒரு கப் வேகவைத்த கொண்டைக்கடலையில் 14 கிராம் பக்கம். 50 கிராம் மீல்மேக்கரில் 25 கிராம். நூறு கிராம் மீனில் 20 கிராம் சுமாராக. மத்தி, நெத்திலி, கானாங்கெளுத்தி போதும், வஞ்சிரம்தான் சத்து என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஆனால் நேற்றிலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகு போகாது, மீன் விலை ஏறிவிடும், எங்கள் வீட்டிலேயே வாரம் ஒரு நாள்தான். அதுவரை காலையில் இரண்டு முட்டை, மாலை கடைக்கு எடுத்துப் போக ஒரு டப்பா சுண்டல், இரவு தோசைக்கு சட்னியோடு கெட்டியான பருப்பு. சாதத்தை ஒரு கரண்டி குறைத்துப் பொரியலில் மீல்மேக்கர் சேருங்கள், பிள்ளைகளும் சாப்பிடும்.

மணலிஅப்பா, ஏப்ரல் 19

படித்துக்கொண்டே வருகிறேன், எனக்கும் சேர்த்துக் கேட்டுவிடுகிறேன். வயது 56, பிரஷர், சுகர் இரண்டுக்கும் மாத்திரை. நானும் நாற்காலியில் உட்கார்ந்து எழலாமா? நடைப்பயிற்சி போதும் என்றுதான் இதுவரை இருந்தேன்.

இயன்முறை (பெரம்பூர்), ஏப்ரல் 19

தாராளமாகச் செய்யலாம் சார், உங்களுக்கு இது இன்னும் அவசியம். ரத்தத்தில் இருக்கிற சர்க்கரையை அதிகமாக இழுத்துக்கொள்வது தசைதான், வேலை செய்கிற தசை இன்னும் இழுக்கும். நடை இதயத்துக்கு நல்லது, தொடைத் தசை வயதோடு கரைவதை அது மட்டும் தடுக்காது. ஆரம்பிக்கும் முன் உங்கள் டாக்டரிடம் பிரஷர் கட்டுக்குள் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். மூச்சை அடக்கி முக்கினால் அந்த நொடியில் பிரஷர் எகிறும், அதனால் எண்ணிக்கையை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள், பேசுகிறவனால் மூச்சை அடக்க முடியாது. இன்சுலினோ, சர்க்கரையைச் சட்டென்று இறக்குகிற மாத்திரையோ எடுத்தால் வெறும் வயிற்றில் வேண்டாம், பக்கத்தில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை இருக்கட்டும். நெஞ்சு அழுத்தம், தலைசுற்றல் வந்தால் அத்தோடு நிறுத்திவிட்டு மருத்துவமனை.

மூன்றாம்மாடி (தண்டையார்பேட்டை), மே 10

நான்கு வாரம் ஆகிவிட்டது, கணக்குச் சொல்ல வந்தேன். பன்னிரண்டு நாளில் பத்து நாள் செய்திருக்கிறேன். ஒரு நாள் முகூர்த்தக் கூட்டம், கடையிலிருந்து வந்தபோதே பதினொன்றரை. இன்னொரு நாள் தண்ணீர் லாரி வந்துவிட்டது, ஐந்தரை வரை குடம்தான்.

நாற்காலி 12 வந்ததும் நாற்காலியை விட்டுவிட்டு மாடிப்படிக் கட்டைச் சுவரில் உட்கார்ந்து எழுகிறேன், அது இன்னும் தாழ்வு. இப்போது மூன்று செட், கையில் நான்கு கிலோ பை. தண்டால் சமையல் மேடைக்கு வந்துவிட்டது. இழுப்புக்கு ஆறு கிலோ. ஒட்டடைக் கம்பில் மூன்று இடமும் தொடுகிறது, கிட்டத்தட்டத் தரைக்கு இணையாகக் குனிகிறேன். கையோ தொடையோ பார்வைக்கு ஒன்றும் மாறவில்லை, ஆனால் எடை மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. அது எப்படி?

கூட வேலை செய்கிற பெண்கள் கை ஆம்பளைக் கை மாதிரி ஆகிவிடும் என்று பயமுறுத்துகிறார்கள். முழங்காலில் டக் டக் என்று சத்தமும் வருகிறது, வலி இல்லை.

இயன்முறை (பெரம்பூர்), மே 10

அருமை, பன்னிரண்டில் பத்து என்பது பெரிய விஷயம். முதல் சில வாரம் நரம்புதான் கற்றுக்கொள்கிறது. ஏற்கனவே இருக்கிற தசையில் தூங்கிக்கொண்டிருக்கிற நார்களையும் எழுப்பி ஒன்றாக இழுக்கப் பழகுகிறது, அதனால் அளவு மாறாமலே எடை ஏறும். தசை கண்ணுக்குத் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். ஆண்களுக்கு வருகிற மாதிரி பெருக்க, டெஸ்டோஸ்டிரோன் பெண்களிடம் மிகக் குறைவு, அந்தப் பயமே வேண்டாம். வலியும் வீக்கமும் இல்லாத முழங்கால் சத்தத்தையும் விட்டுவிடுங்கள்.

எல்லா செட்டிலும் 12 சுத்தமாக வந்தால் அடுத்த முறை ஒரு கிலோ கூட்டி எட்டுக்குத் திரும்புங்கள். கத்திரி வெயில் முடியும் வரை ஆரம்பிப்பது காலை ஐந்தைத் தாண்ட வேண்டாம், மாடித் தரை இரவெல்லாம் சூட்டை வைத்திருக்கும். முடித்ததும் உப்புப் போட்ட மோர்.

கர்லாகட்டை (ராயபுரம்), மே 11

குடம் தூக்கிய நாளை விட்டுப்போன நாளாக எழுதியிருக்கிறீர்கள். அதுவும் வேலைதான், நோட்டில் 'குடம், மூன்று மாடி, இத்தனை நடை' என்று எழுதுங்கள். ஆனால் ஒரே இடுப்பில் எல்லாக் குடத்தையும் சுமக்காமல் நடைக்கு நடை மாற்றுங்கள். யாராவது கேஸ் சிலிண்டரைத் தூக்கிப் பழகச் சொன்னால் கேட்காதீர்கள். நிரம்பிய சிலிண்டர் 30 கிலோ பக்கம் வரும், கீழே விழுந்து வால்வு அடிபட்டால் வீட்டோடு போகும்.

மூன்றாம்மாடி (தண்டையார்பேட்டை), ஜூன் 21

பத்து வாரம். ஜூன் 8-ம் தேதி பக்கத்து நோட்டில் அப்படியே இருக்கிறது: 'படிச்சுவர் 3 செட் 10, பை 12 கிலோ. தண்டால் மூன்றாம் படி 3 செட் 8. இழுப்பு 10 கிலோ. கேன் மாற்றினேன்.' கேன் மாற்றியதை எழுத வேண்டும் என்று எழுதவில்லை. பெண் தண்ணீர் கேட்டாள், போய் மாற்றிவிட்டு வந்து உட்கார்ந்த பிறகுதான் கர்லாகட்டை அண்ணன் சொன்ன மாதிரி அணைத்துத் தூக்கியிருக்கிறேன் என்பதே தோன்றியது.

இப்போது ஒரே தொல்லை பை. 14 கிலோ வைத்ததும் தோள்பட்டி தையல் பிய்ந்து அரிசி மாடியெல்லாம் கொட்டிவிட்டது. கடையில் இரண்டு பெண்கள் தாங்களும் செய்ய வேண்டும் என்கிறார்கள், மூன்று பேருமாகச் சேர்ந்து ஏதாவது வாங்கலாமா? அதிகம் செலவு செய்ய முடியாது.

பாக்ஸிங்வீடு (வியாசர்பாடி), ஜூன் 21

அக்கா, செம. பெரியமேட்டில் நேரு ஸ்டேடியம் பக்கம் விளையாட்டுச் சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன, தட்டை எடைக்கு இவ்வளவு என்று விலை சொல்வார்கள், நான்கு கடை கேளுங்கள். நீளக் கம்பி வேண்டாம், ஒற்றை அறையில் திரும்ப முடியாது. குட்டைக் கம்பி இரண்டு, 5 கிலோ தட்டு நான்கு, இரண்டரை கிலோ நான்கு. மூன்று பேருக்கும் போதும். யாராவது பாதியில் விட்டுவிட்டு விற்கிற பழைய செட் கிடைத்தாலும் வாங்குங்கள், இரும்பு கெடாது, துரு இருந்தால் உப்புத்தாளால் தேய்த்துவிடலாம்.

கர்லாகட்டை (ராயபுரம்), ஜூன் 22

ஒன்றே ஒன்று. தட்டின் ஓட்டை எல்லாம் ஒரே அளவில் வராது. கடையிலேயே கம்பியில் மாட்டி, இரண்டு முனையிலும் பூட்டை இறுக்கி, சாய்த்துக் குலுக்கிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். பழைய செட் என்றால் பூட்டின் மரை தேய்ந்திருக்கிறதா என்று விரலை விட்டுப் பாருங்கள். கீழ் வீட்டுக்காரர்கள் விடியற்காலையில் எழுந்துகொள்ளாமல் இருக்க, இரண்டு கோணிப்பையை மடித்து அடியில் போட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாம்மாடி (தண்டையார்பேட்டை), ஜூன் 22

சரி அண்ணா. செவ்வாய்க்கிழமை எனக்கு லீவு, அன்றைக்கே பெரியமேடு போகிறோம். வாங்கியதும் எடையோடு வந்து எழுதுகிறேன்.